சாகோஸ் பயணக் குறிப்பு: ஒரு கம்பியும் அதன் ஜோடியும்

நாள் 1: கான் தீவு, மாலத்தீவு

காலை பத்து மணிக்கு நங்கூரத்தை எடுத்தோம். மாலத்தீவின் தென்கோடியில் இருக்கும் அட்டு பவளத்தீவின் கடைசி விளக்கு பின்னால் போய்விட்டது. இனி தெற்கே சுமார் 280 கடல் மைல், இந்தியப் பெருங்கடலின் நடுவே ஆளில்லாத் தீவுக்கூட்டமான சாகோஸில் உள்ள சாலமன் பவளத்தீவு வரை. அங்கிருந்து மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுக்கு இன்னும் ஆயிரம் மைல்.

படகில் மூன்று பேர். படகு அண்ணனுடையது. பினாங்குக்காரர், கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அண்ணி கூடவே வருகிறார். தூத்துக்குடியிலிருந்து நான். படகுக்கு நாற்பது வயதுக்கு மேல், 12 மீட்டர் நீளம், பைபர் கிளாஸ் உடல், ஒற்றைப் பாய்மரம். லங்காவியில் தொடங்கி திருகோணமலை வழியாக வந்திருக்கிறோம்.

சாகோஸில் கடை கிடையாது, பட்டறை கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. நினைத்தவுடன் போய்விடவும் முடியாது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படகு அங்கே உடைந்தால் அப்புறப்படுத்தும் செலவுக்குக்கூட காப்பீடு காட்டினால்தான் அனுமதி, அதுவும் அதிகபட்சம் 28 நாள். இந்தக் கெடுபிடி எனக்கு நியாயமாகவே படுகிறது. அந்தப் பவளத்தின் மேல் ஒரு படகு உட்கார்ந்துவிட்டால் இழுத்து எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

நேற்று முழுக்க உதிரிப் பாகங்களைச் சரிபார்த்தோம். அண்ணனிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. எந்த இருக்கைக்கு அடியில் எந்த டப்பா, அதில் என்னென்ன, எந்த வருடம் வாங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. டீசல் பில்டர் எட்டு, இம்பெல்லர் மூன்று, பாய் தைக்கும் ஊசியும் மெழுகு நூலும், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பியின் நுனியில் கையாலேயே திருகிப் பொருத்தும் திருகு முனை இரண்டு. இரண்டு போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

சாட்டிலைட் கருவியில் எழுத்து மட்டும்தான் போகும். படங்கள் ரோட்ரிக்ஸ் போன பிறகு.

நாள் 2: கடலில்

மேற்கிலிருந்து மெல்லிய காற்று. நடுநடுவே கறுத்த மேகம் வந்து அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிறது. கானில் வாங்கிய மாசிக் கருவாட்டை இடித்து அண்ணி சம்பல் செய்தார். எங்கள் ஊர் தோணிகள் மாலத்தீவுக்கு மூட்டை ஏற்றிப்போய்த் திரும்பும்போது வீட்டுக்கு வரும் அதே மாசி, அதே வாசம்.

இரவு பதினொரு மணிக்கு ஒரு மழைக்காற்று பலமாக அடித்தது. பாயைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது ‘டிங்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, ஸ்பூன் கீழே விழுந்தது போல. டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.

நாள் 3: கடலில், இன்னும் 110 மைல்

விடிந்ததும் தெரிந்துவிட்டது.

எங்கள் பாய்மரத்தைப் பக்கத்துக்கு மூன்று எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. வலது பக்கம் முன்னால் இருக்கும் கம்பியின் அடியில், அது உலோக முனைக்குள் நுழையும் இடத்தில், ஒரு இழை அறுந்து மீசை முடி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கம்பி 8 மில்லிமீட்டர் கனம். உள்ளே நடுவில் ஒரு இழை, அதைச் சுற்றி ஆறு, அதற்கு மேல் பன்னிரண்டு, ஆக மொத்தம் 19. ஒன்று போனால் மீதி 18 இருக்கிறதே என்று கணக்குப் போடக் கூடாது. ஒன்று அறுந்த இடத்தில் அடுத்ததும் களைத்துப்போய்த்தான் இருக்கும்.

கம்பி கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முனையை எந்திரத்தில் வைத்து நசுக்கிக் கம்பியோடு சேர்த்திருப்பார்கள். அந்த வாயில் உப்புத் தண்ணீர் இறங்கித் தங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தான். காற்றுப் படாமல் உப்பு நீரில் ஊறினால் அதுவும் அரிக்கும். அதோடு ஒவ்வொரு அலைக்கும் அந்த இடம் இம்மியளவு வளைந்து நிமிரும்.

தெற்கே போகிறோம், காற்று மேற்கிலிருந்து. அதனால் பாரம் முழுக்க இந்த வலது பக்கத்தில்தான். பெரிய பாயை இறக்கிவிட்டோம். பாய் ஏற்றும் கயிறுகளில் சும்மா இருந்த ஒன்றைப் படகின் வலது ஓரத்தில் கட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் முறுக்கினோம். அது மரத்தின் உச்சியைப் பிடிக்குமே தவிர நடுப்பகுதியைப் பிடிக்காது. ஆனாலும் ஒரு துணை. முன்பாயில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விரித்து எஞ்சினைப் போட்டோம்.

அண்ணி இன்று முழுக்க அந்தக் கம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மணிக்கொரு தரம் இழைகளை எண்ணி நோட்டில் எழுதினார். மாலை ஆறு மணிக்கும் 18.

நாள் 4: சாலமன்

அதிகாலை மூன்று மணி. எஞ்சின் சூடேறியதற்கான அலாரம்.

ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தேன். புகைக்குழாய் தண்ணீரைத் துப்பவில்லை, வறண்ட சத்தம். எஞ்சினை நிறுத்தினோம். தீவுக்கு 18 மைல். காற்று செத்துப்போயிருந்தது.

கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் ரப்பர் இம்பெல்லர் ஒன்று சுற்றும், ஆறு இதழ்கள் உள்ள பூ போல. மூடியைக் கழற்றினால் நான்கு இதழ்தான் இருந்தது. புதியதைப் போடுவது பத்து நிமிட வேலை. உடைந்த இரண்டு இதழும் எங்கே என்பதுதான் கேள்வி. அவற்றைத் தேடாமல் ஓட்டினால் போன துண்டுகள் உள்ளே எங்காவது அடைத்துக்கொண்டு மறுபடியும் சூடேறும். ஒன்று பம்பிலிருந்து போகும் ரப்பர் குழாயின் வளைவில் கிடைத்தது. இன்னொன்று, கடல்நீர் எஞ்சினின் சூட்டை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்தபோது, குழாய் வாய்களின் மேல் இலை போல ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு துண்டையும் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்தார் அண்ணன். சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் என் மூச்சு கீழே இறங்கியது.

மூடியின் ஆறு பித்தளைத் திருகாணிகளில் ஒன்று கைநழுவிப் படகின் அடிவயிற்றில் விழுந்துவிட்டது. பித்தளையைக் காந்தம் இழுக்காது. எண்ணெயும் தண்ணீரும் கலந்த அந்த இடுக்கில் தோள்வரை கையை விட்டு விரல் நுனியால் தடவித் தடவி, இருபது நிமிடம் கழித்து எடுத்தேன். கழற்றும்போதே கீழே ஒரு துணியை விரித்திருக்க வேண்டும். இனி விரிப்பேன்.

மூடிக்கு அடியில் வைக்கும் காகித கேஸ்கட்டும் கிழிந்துவிட்டது. கனமான அட்டையை வெட்டி வைத்தால் இடைவெளி கூடிப் பம்பு தண்ணீரை இழுக்காது. மெல்லிய தாள் கிழியும். அண்ணி மாதக் காலண்டரில் முடிந்துபோன மார்ச் மாதத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். பம்பின் வாயில் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் அச்சுப் பதிந்துவிடும். அந்தக் கோட்டிலேயே சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, கிரீஸ் தடவி வைத்தோம். புதிய இம்பெல்லரின் இதழ்களைச் சுற்றும் திசையில் மடக்கி, பிளாஸ்டிக் டையால் கட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் தடவி உள்ளே தள்ளினோம்.

ஏழரை மணிக்கு எஞ்சின் உறுமியது. பின்னால் போய் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று... சளக்கென்று தண்ணீர் துப்பியது. அண்ணி கைதட்டினார்.

சாலமனுக்குள் நுழைய வடக்கே ஒரே ஒரு வழி. சூரியன் நன்றாக மேலேறிப் பின்னாலிருந்து அடித்தால்தான் தண்ணீருக்குள் இருக்கும் பார், அதாவது பவளப் பாறை, தெரியும். பழுப்பாகத் தெரிந்தால் பார், பச்சை ஆழம் குறைவு, கருநீலம் நல்லது. நான் படகின் முன்முனையான அணியத்தில் நின்று கையைக் காட்ட, அண்ணன் ஓட்டினார். பகல் ஒரு மணிக்கு, சாலமனின் தீவுகளில் ஒன்றான ஃபூக்கேயின் பின்னால் மணல் தரையில் நங்கூரம் பிடித்தது. சங்கிலி பவளத்தில் உரசாமல் இருக்க நடுநடுவே மிதவை கட்டினோம்.

சாப்பிடாமலேயே தூங்கிவிட்டோம்.

நாள் 5: ஃபூக்கே

மழை. தார்ப்பாயில் பிடித்து 120 லிட்டர் சேர்ந்தது. துணி துவைத்தோம். வேறு எதுவும் செய்யவில்லை.

நாள் 6: ஃபூக்கே

கம்பியைக் கழற்றினோம். படகு நங்கூரத்தில் இருப்பதால் மற்ற இரண்டு கம்பிகளும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். என்னை இருக்கையில் உட்காரவைத்து அண்ணன் வின்ச்சில் ஏற்றினார். மேலிருந்து பார்த்தால் காயலுக்குள் ஒரே நீலத்தில் எத்தனை நிறம்! ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்ததால் அதிகம் பார்க்கவில்லை.

மேல்முனை நன்றாக இருக்கிறது. அதனால் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டாம், அடிமுனையை மட்டும் வெட்டிவிட்டு அங்கே திருகு முனையைப் போடுவது என்று முடிவானது.

நாள் 7: ஃபூக்கே

இன்று செய்த வேலையை விரிவாக எழுதுகிறேன், இதே நிலையில் மாட்டும் யாருக்காவது உதவும்.

வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் பிரிந்துவிடும். ஆக்சா பிளேடு புதியதாக, பல் நெருக்கமானதாக இருக்க வேண்டும். மரக்கட்டையில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அந்தக் கட்டையை நடுவில் பிளந்து, கம்பியை இடையில் வைத்து இறுக்கிக்கொண்டோம். அப்போதுதான் வெட்டு நேராக வரும். ஒரு வெட்டுக்குப் பத்து நிமிடம்.

முதலில் திருகு முனையின் கீழ்ச்சட்டையைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். அப்புறம் வெளிச்சுற்று இழைகள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஏழு இழைக் கட்டின் மேல் ஒரு சின்னக் கூம்பை நுழைத்து, உள்கட்டு கூம்புக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் தெரியும்படி நிறுத்த வேண்டும். பிறகு பன்னிரண்டு இழைகளையும் கூம்பைச் சுற்றிப் பழைய முறுக்கிலேயே திரும்பப் படுக்கவைக்க வேண்டும், சம இடைவெளியில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.

கூம்பில் ஒரு கீறல் இருக்கும். அதற்குள் ஒரு இழைகூட விழக் கூடாது. எங்களுக்கு முதல் தடவை விழுந்தது. இறுக்கும் முன் வாயைப் பார்த்த அண்ணி, “பதினொன்னுதாங்க தெரியுது” என்றார். பிரித்தோம். வளைந்த நுனிகளை நேராக்க முடியாது, ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாகத் தொடங்கினோம். இரண்டாம் தடவை ஒவ்வொரு இழை படுத்ததும் அண்ணி சத்தமாக எண்ணினார். பன்னிரண்டு வந்தது. இறுக்கி, மறுபடியும் கழற்றி, இழைகள் கூம்பின் மேல் ஒழுங்காக வளைந்திருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, உள்ளே தண்ணீர் புகாதபடி சீலண்ட் நிரப்பி, மரை தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை விட்டு, கடைசியாக ஒருமுறை இறுக்கினோம். ஓரத்தில் சீலண்ட் பிதுங்கி வந்தால் உள்ளே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வந்தது.

என் அப்பா தூத்துக்குடியில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் இறக்கும்போது யாரோடும் பேச மாட்டார். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இன்று மூன்று மணி நேரம் எண்ணிக்கையைத் தவிர நாங்களும் எதுவும் பேசவில்லை.

நாள் 8: ஃபூக்கே

கம்பி குட்டையாகிவிட்டது. அடியில் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கும் முறுக்காணியை முழுக்கத் தளர்த்தியும் ஐந்து சென்டிமீட்டர் எட்டவில்லை. இதை நேற்றே அளந்திருக்க வேண்டும்.

நேற்று மாலை ஒரு பிரெஞ்சுக் கணவன் மனைவி கேட்டமரானில் வந்து எங்களுக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தார்கள். நம் கட்டுமரத்திலிருந்து போன பெயர், ஆனால் இந்தப் படகுக்கு இரண்டு உடல். எங்கள் சின்னப் படகு டிங்கியில் போய்க் கேட்டோம். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், துணிப்பையிலிருந்து எஃகுக் கொண்டி ஒன்றை எடுத்து வந்தார். முறுக்காணிக்கும் படகுக்கும் நடுவில் மாட்டினால் நீளம் சரியாகிவிடும். பிறகு இன்னொன்றையும் எடுத்து என் கையில் வைத்தார்.

ஒன்று போதும் என்றார் அண்ணன். அவர் தலையை ஆட்டி, “இடது பக்கக் கம்பியும் இதே வயதுதானே?” என்று கேட்டார்.

பணம் வாங்கவில்லை. அவர்களிடம் டீசல் பில்டர் தீர்ந்திருந்தது, எங்களுடையதும் அதே அளவு. மூன்று கொடுத்தோம். அண்ணி மாசி சம்பல் கொடுத்தார்.

ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான். இடது பக்கக் கம்பியைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தோம். எங்காவது இழை அறுந்திருந்தால் பஞ்சு அதில் சிக்கும். சிக்கவில்லை. ஆனால் முனையின் வாயில் டீக்கறை போல ஒரு துருக்கோடு, நகத்தளவு.

“கடைசி முனை தம்பி. இதையும் போட்டுட்டா வழியில ஒண்ணு போச்சுன்னா என்ன செய்வீங்க?” என்றார் அண்ணன்.

நியாயமான கேள்விதான். கையில் ஒரு உதிரி இருப்பது பெரிய தெம்பு. ஆனால் ரோட்ரிக்ஸ் வரை ஆயிரம் மைலும் தென்கிழக்குக் காற்று இடது பக்கத்தில்தான் அடிக்கப் போகிறது. நாங்கள் மூன்று நாள் பாடுபட்டுச் சரிசெய்த வலது கம்பி அந்த வழி முழுக்கச் சும்மா தொங்கிக்கொண்டு வரும். பாரத்தைத் தாங்கப்போவது நாங்கள் தொடாத கம்பி. நடுக்கடலில் ஆடும் படகில் பன்னிரண்டு இழையை எண்ணிப் படுக்கவைக்க என்னால் முடியாது. இங்கே முடியும். இதைத்தான் நான் சொன்னேன்.

அண்ணன் ஒரு கதை சொன்னார். 2022-23 கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் உலகைத் தனியாகச் சுற்றிவந்தபோது, நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி தன் படகின் கழிவறைக் கதவை அறுத்து, படகைத் தானே திருப்பும் காற்றுச் சுக்கானுக்குத் துடுப்புச் செய்துகொண்டாராம். அப்படியே ஓட்டி இரண்டாவதாக வந்தார். கதையைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, வெட்டிருவோம்.”

நாள் 9: ஃபூக்கே

வெட்டினோம். இந்த முறை முதலில் அளந்தோம், கீழே துணியையும் விரித்தோம். முதல் முயற்சியிலேயே பன்னிரண்டும் படுத்தது. இரண்டாவது கொண்டி கச்சிதமாகப் பொருந்தியது.

வெட்டிய பழைய முனையைச் சும்மா விட மனமில்லை. இரண்டு மணி நேரம் அறுத்துப் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒரு பக்கம் பழுப்பேறி, இழைகளின் மேல் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். உடைந்த இழை எதுவும் இல்லை. இன்னும் ஆயிரம் மைல் தாங்கியிருக்குமா, நூறு மைலில் போயிருக்குமா என்று இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பிளந்த துண்டை அண்ணனிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு நோட்டில் ‘திருகு முனை: 0’ என்று எழுதினார்.

நாள் 10: போதாம்

காயலைக் கடந்து போதாம் தீவுக்குப் போனோம். இங்கே ஒரு ஊர் இருந்தது. தேங்காய்த் தோட்டம், கொப்பரை, தேவாலயம், படகுத்துறை எல்லாம் இருந்த ஊர். சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் ராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை சாகோஸ் தீவுகள் முழுவதிலும் இருந்த மக்களை பிரிட்டன் வெளியேற்றியது. மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

தேவாலயத்துக்கு இன்று கூரை இல்லை, சுவர்கள் நிற்கின்றன. தென்னைகள் யாரும் வெட்டாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து காடாகிவிட்டன. மட்டைகளுக்கு நடுவே தென்னை நண்டு ஒன்று முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கியது. துறையின் கற்களில் ஒரு இரும்பு வளையத்தைப் பார்த்தேன், படகு கட்டுவதற்குப் போட்டது. துருவில் பாதி கரைந்திருந்தது. இங்கேயும் யாரோ படகைச் சாய்த்துவைத்து அடிப்பலகையைச் சரிசெய்திருப்பார்கள். இந்த மணலில் அந்த வேலையைச் செய்யும் உரிமை எங்களைவிட அவர்களுக்குத்தான். அந்த மக்கள் இன்னும் திரும்பி வரக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

யாரும் அதிகம் பேசாமல் திரும்பினோம்.

நாள் 11: புறப்பாடு

தென்கிழக்குக் காற்று நிலையாக வரத் தொடங்கிவிட்டது. கம்பிகளை ஒரே அளவில் முறுக்கி, மரத்தின் அடியிலிருந்து கண்ணை வைத்து மேலே பார்த்தோம். வளைவு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் சங்கு ஊதி வழியனுப்பினார்கள். பதினொரு மணிக்கு வழியைத் தாண்டினோம். பம்பு தண்ணீர் துப்புகிறது, காலண்டர் தாளில் கசிவு இல்லை.

வெளியே வந்ததும் முதலில் கிழக்கே திரும்பி, வேண்டுமென்றே ஒரு மணி நேரம் வலது பக்கத்தில் காற்றை வாங்கிப் பாரம் கொடுத்துப் பார்த்தோம். பிறகு தென்மேற்கே திருப்பி ரோட்ரிக்ஸ் பாதையில் விட்டோம். காற்று இடது பக்கம் வந்தது. புதிய முனை முதல்முறையாக விறைத்து, மெல்லிய ஒரு முனகல் கொடுத்து நின்றது.

நாள் 12: கடலில், இன்னும் 890 மைல்

விடியற்காலை என் காவல். இரவு இரண்டு முறை மழைக்காற்று அடித்தது. வெளிச்சம் வந்ததும் பஞ்சை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனேன். முன்கம்பி, நடுக்கம்பி, பின்கம்பி. தலைக்கு மேல் கை எட்டும் வரை தடவிக் கீழே இறக்கினேன். பிறகு வலது பக்கம்.

பஞ்சு முழுசாகத் திரும்பி வந்தது. அண்ணி உள்ளிருந்து டீயை நீட்டி, எவ்வளவு என்று கேட்டார். ஆறு கம்பியும் பத்தொன்பது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.